ஐஸ் பைக்குள் ஒளிந்த கருவி

கிடங்கில் அவளைக் குளிரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நகரத்துக் கடைகளுக்குப் போகும் கீரையும் காளானும் அந்தக் கிடங்கு வழியாகத்தான் போயாக வேண்டும். ஒவ்வொரு குளிர்பதன லாரியிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கும். உள்ளே எவ்வளவு குளிர் என்று அது அவளுடைய கணினிக்குச் சொல்லிக்கொண்டே வரும். அதைக் கண்காணிப்பது அவள் வேலை. சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் கணினி படித்து இந்த நாற்காலிக்கு வந்தாள். வாய் கொஞ்சம் நீளம். கணவர் அதோடு சமாதானமாகிப் பல வருஷம் ஆகிறது.

இந்தக் கோடையில் ஒரு விஷயம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. கணினித் திரையில் எல்லா லாரியின் கோடும் நாலு டிகிரியில், நூல் பிடித்தாற்போல. இறக்கிப் பார்த்தால் கீரை வெந்து கிடக்கும். பின்வாசலில் குப்பை வண்டி தினமும் நிறைந்து போனது. மேலிடம் அலட்டிக்கொள்ளவில்லை. குளிர் சரியாக இருக்கிறது, ஆகவே விளைந்ததே மட்டம், ஆகவே இன்னும் கூடுதலாக வாங்கு என்றது. குப்பையில் கொட்டுவதற்கென்றே தண்ணீர் பாய்ச்சி, டீசல் எரித்துக் கொண்டுவந்தது போல ஆயிற்று.

கதவைத் திறந்து மூடினால்கூட அந்தக் கோடு ஏன் துள்ளுவதில்லை? அவளுடைய அண்ணனும் இங்கே லாரி ஓட்டுபவன்தான்; சந்தேகம் தாங்காமல் ஒருநாள் அவன் ஓட்டிவந்த லாரிக்குள் ஏறிப் பார்த்தாள். கருவி ஐஸ் பைக்குள் சுகமாகப் படுத்திருந்தது.

"என்னண்ணா, இதுக்குக் காய்ச்சலா?"

அண்ணன் சிரிக்கவில்லை. எல்லா ஓட்டுநர்களும் இதைத்தான் செய்கிறார்கள் என்றான். குளிர் குறைந்தால் ஓட்டுநருக்கு அபராதம். ஆனால் சரக்கு சூடேறுவது சாலையில் இல்லை, இந்த வாசலில். சத்தம் என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்ததால், வரிசையில் நிற்கும் லாரி இன்ஜினை அணைத்தாக வேண்டும். இன்ஜினோடு குளிரும் நின்றுவிடும். பெரிய கம்பெனிகளின் பிஸ்கெட் லாரிகள் முதலில் உள்ளே போகும். கீரை வெயிலில் காயும்.

"நிக்க வைக்கிறது நீங்க. தண்டம் கட்டுறது நாங்களா?"

அவளுக்குக் கோபம் அண்ணன் மேல் பாதி, வாசல் மேல் பாதி. கருவி பொய் சொல்லும்வரை வாசலை யாரும் குறை சொல்ல முடியாது என்று எடுத்துச் சொன்னாள். ஐஸ் பையிலிருந்து எல்லோரும் வெளியே எடுங்கள், இருக்கிறபடி காட்டட்டும் என்றாள். அப்போது அபராதம் குவியுமே என்றான் அவன்.

"அபராதப் பட்டியல் என் கையத் தாண்டித்தான் போகணும். நான் அனுப்ப மாட்டேன்."

"உன் வேலையே போயிடும்."

"போனா உன் வீட்டுக்குத்தான் சாப்பிட வருவேன். அண்ணிகிட்ட இப்பவே சொல்லி வை."

அண்ணன் மற்ற ஓட்டுநர்களிடம் பேசினான். நம்பாதவர்களும் அரைமனதோடு கருவியை வெளியே எடுத்தார்கள். சாலை முழுக்கச் சமத்தாக வந்த கோடு, கிடங்கு வாசலில் எகிறியது. அத்தனை லாரியிலும் அதே இடத்தில்.

மேனேஜர் பதறிக்கொண்டு வந்தார். வரிசைமுறை அவர் போட்டது. பிஸ்கெட் கம்பெனிகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தவரும் அவர்தான். அபராதப் பட்டியல் உடனே வேண்டும் என்றார். அவள் திரையைத் திருப்பி அந்த எகிறலைக் காட்டினாள்.

"முதல்ல பட்டியல அனுப்புங்க. இதை அப்புறம் பேசலாம்."

"அனுப்ப மாட்டேன் சார்."

வேறு ஆளை வைத்து அனுப்பத் தெரியும் என்றார்.

"தாராளமா அனுப்புங்க. லாரி எங்க நின்னப்ப சூடாச்சுங்கற படம் தலைமை அலுவலகத்துக்குப் போயாச்சு. ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்கட்டும்."

விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும் என்றார். வரட்டும், பதில் தயார் என்று சொல்லிவிட்டு, டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு நடந்தாள். எந்த லாரி அதிகமாகச் சூடேறியிருக்கிறதோ அது முதலில் என்று காவலாளியிடம் சொன்னாள். யார் உத்தரவு என்று அவர் கேட்டார். என் உத்தரவு என்றாள். அவர் மேனேஜரின் ஜன்னலை ஒருமுறை பார்த்தார், திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு காளான் லாரிக்குக் கதவைத் திறந்தார்.

முன்னால் நின்ற பிஸ்கெட் லாரி விடாமல் ஹாரன் அடித்தது. வெயிலில் பிஸ்கெட் அழுகாது, பொறுங்கள் என்று அவள் கையமர்த்தினாள். அந்தச் சாக்கில் அண்ணன் தன் லாரியை நைசாக முன்னே நகர்த்தினான்.

"நீ எங்க வர்ற? உன் சரக்கு இன்னும் தாங்கும். பின்னால போய் நில்லு."