அண்ணாச்சி வாய் திறக்காத சாமான்

திரேஸ்புரத்தில் செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் ஹார்டுவேர்ஸ் கடையில் சாமான் வாங்குவதற்கு ஒரு முறை இருந்தது. கயிறோ, தார்ப்பாயோ, சங்கு குளிக்கிறவர்கள் கடலுக்கடியில் மூச்சு வாங்குகிற ஓஸ் குழாயோ, எதை எடுத்தாலும் முதலில் அதை அண்ணாச்சி கையில் கொடுக்க வேண்டும். அவர் வளைப்பார், நகத்தால் கீறுவார், மூக்கில் வைத்து மோந்து பார்ப்பார். பழுது இருந்தால் கடை ரெண்டுபடும். "இதக் கொண்டுபோனா ஒம் பொண்டாட்டி தாலியறுப்பா, வைலே கீழ!" என்று கத்துவார். தன் கடைச் சாமானைத் தானே திட்டுகிற வியாபாரியை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா? ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாரென்றால் சாமான் சரி. அதற்குமேல் கரையில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள்.

இத்தனைக்கும் மனுஷனுக்கு நீச்சல் தெரியாது. உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டுக்காரர். படிப்பு ஏறாமல் தூத்துக்குடிக்கு வந்து, யார் யார் கடையிலோ ஆணி நிறுத்துப் போட்டு, கல்யாணத்துக்குப் பிறகு சொந்தக் கடை வைத்தவர். கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. ஆனால் வாங்கிப்போனவன் திரும்பி வராவிட்டால் என்னாகும் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. அந்தப் பயம்தான் அந்தக் கடை.

கொரோனா வந்துபோன பிறகுதான் பார்சல் பைக்குகள் திரேஸ்புரம் சந்துகளுக்குள் நுழையத் தொடங்கின. ஓட்டுகிறவனைவிடப் பெரிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு வருவார்கள். முதலில் போன் கவர், சேலை. பிறகு கடலுக்குப் போடுகிற லைஃப் ஜாக்கெட்டும் கண்ணாடியும். அண்ணாச்சி சிரித்தார். "போன்ல மணம் வருமாலே?" என்று எல்லோரிடமும் கேட்டார்.

சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. கடைக்கு ஆட்கள் வருவது மட்டும் குறையவில்லை, அதுதான் கொடுமை. வருவார்கள், தொட்டுப் பார்ப்பார்கள், என்ன கம்பெனி என்று கேட்பார்கள், அட்டையைப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், "வாரேன் அண்ணாச்சி" என்று போய்விடுவார்கள். அவர் உட்கார்ந்து ஈயோட்டுவார். பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோர் மூடியது. எதிர்த்த செருப்புக்கடையும் மூடியது. அந்தச் செருப்புக்கடை ஷட்டர் மறுபடி திறந்தபோது, யாரோ புதுக்கடை போடுகிறார்கள் என்று அண்ணாச்சி சந்தோஷமாக எட்டிப் பார்த்தார். உள்ளே கூரைவரை பார்சல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அன்றிலிருந்து அவர் கல்லாவை விட்டு நிமிர்ந்தாலே அந்த மூட்டைகள்தான் கண்ணில் பட்டன.

இப்படி இருக்கும்போதுதான் இனிகோ வந்தான். சங்கு குளிப்பவன். முதல் ஓஸிலிருந்து எல்லாமே இந்தக் கடையில் வாங்கியவன், அவனுக்கும் விக்டோரியாவுக்கும் நடந்த கல்யாணத்துக்கு அண்ணாச்சி போய் மொய் எழுதியிருந்தார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள்ளே மஞ்சள் நிறத்தில் புது ஓஸ், பார்வைக்கு மினுமினுவென்று இருந்தது.

"விக்டோரியா போன்ல ஆர்டர் போட்டா அண்ணாச்சி. பாதி வெலதான். மாட்டுறதுக்கு ரெண்டு கிளாம்பு தாரும்" என்றான். சொல்லிவிட்டு ஓஸை எடுத்து, பழக்கப்படி, அவர் கையில் கொடுத்தான்.

கை தன் பாட்டுக்கு வளைத்தது. வளைத்த இடத்தில் ஓஸின் உள்சுவர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, விட்டபிறகும் சட்டென்று பிரியவில்லை. மோந்து பார்த்தார். டயர் எரிகிற வாடை. வள்ளத்தில் காற்று அடிக்கிற கம்ப்ரசரின் சூட்டுக்குப் பக்கத்தில் கிடந்தால் இது இளகிவிடும், ஒருதடவை மடங்கினால் போதும், கீழே இருக்கிறவனுக்குக் காற்று போகாது.  திட்டுவதற்கு வாயைத் திறக்கப் போனார்.

அப்போதுதான் பாழாய்ப்போன அந்த அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. எதிர்த்த கடை மூட்டைகளில் ஒட்டியிருக்கிற அதே பட்டை. சாமான் அங்கே, கிளாம்பு மட்டும் இங்கேயா? என் கடையை இழுத்து மூடவைக்கிறவனுக்கு நான் ஓசியில் மூக்கைக் கொடுக்க வேண்டுமா? போன்லேயே கேட்டுக்கொள்ளட்டும். 

இரண்டு கிளாம்பை எடுத்துப் போட்டார். ஓஸைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இனிகோவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. லாபம் பார்த்த இளிப்பு என்று அண்ணாச்சி நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே மனசு கேட்கவில்லை. பாதியில் விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினார். வள்ளங்கள் விடியுமுன்பே போய்விட்டிருந்தன. இனிகோவுக்குப் போன் அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. "ச்சீ, என்ன மனுஷன் நான்" என்று வாய்விட்டே சொன்னார். கடைக்குத் திரும்பினார், யாரோ ஆணி கேட்டதற்குப் பூட்டை எடுத்துக் கொடுத்தார். மத்தியானம் சோறு இறங்கவில்லை. மறுபடியும் கரைக்குப் போனார்.

மற்ற வள்ளங்கள் வந்து சங்கைக் கொட்டியாகிவிட்டது. இனிகோவின் வள்ளத்தை மட்டும் காணோம். மேற்கிலிருந்து கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. விக்டோரியா முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, கடையப் போட்டுட்டு இங்கன?"

"சும்மாதான் தாயி. இன்னும் வரலியா அவன்?"

"வந்துருவாவ. புது ஓஸுன்னு எனக்குத்தான் முதல்ல பயமாருந்துச்சு. 'ஏளா, கிளாம்பு வேற கடையிலயும் கிடைக்கும், நான் அண்ணாச்சி கையில குடுத்துப் பாக்கத்தான் போனேன்'னு சொன்னாவ. நீரு மோந்து பாத்துட்டு ஒண்ணுமே சொல்லலியாம். சிரிச்சுக்கிட்டே வந்தாவ. நானும் நிம்மதியாத் தூங்குனேன்."

அண்ணாச்சி கடல்பக்கம் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த வலைக்குவியலைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் வள்ளம் தெரிந்தது. வழக்கமாக முன்முனையில், அணியத்தில் ஏறி நின்று கத்திக்கொண்டு வருகிறவன் இனிகோ. அங்கே யாரும் நிற்கவில்லை. எல்லோரும் நடுவில் குந்தியிருந்தார்கள். விக்டோரியா "சேசுவே!" என்று தண்ணீருக்குள் ஓடினாள்.

இனிகோவைத் தூக்கிவந்து ஆட்டோவில் கிடத்தினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருக்கிறது என்றான் ஒருவன், இல்லை என்றான் இன்னொருவன். விக்டோரியா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மணலில் புதைந்த ஆட்டோவை ஆட்கள் தள்ளினார்கள்.

அவளுடைய தம்பி மெல்வின், வள்ளத்தில் ஓஸ் பிடிக்கிறவன், அந்த மஞ்சள் ஓஸோடு அண்ணாச்சியிடம் வந்தான். அழுதழுது கண் சிவந்திருந்தது.

"கீழ இருந்து கயித்த இழுத்து சைகையே குடுக்கல அண்ணாச்சி. நானாத்தான் தூக்குனேன். கம்ப்ரசர் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. ஓஸுல எதுவும் கோளாறா? பாத்துச் சொல்லும்."

அண்ணாச்சி வாங்கினார். பார்வைக்குத் தெரியவில்லை, ஆனால் ஓரிடத்தில் இளகி, உள்சுவர் ஒட்டிப்போயிருந்தது கையில் தட்டுப்பட்டது. மோந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. சொல்லிவிட்டால் இந்தக் கரையில் அவர் கடைக்கு இனி என்ன மிச்சம்? 

மெல்வின் காத்திருந்தான். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு ஓஸைத் திருப்பி வாங்கினான். "அப்பம் ஓஸு சரிதான். மச்சானுக்குத்தான் உடம்புக்கு என்னமோ. வள்ளத்துலயே போட்டு வைக்கேன், இனி நாந்தான எறங்கணும்."

அவன் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியபோது அண்ணாச்சி பாய்ந்து ஓஸின் நுனியைப் பிடித்தார்.

"வேண்டாம்லே! இதத் தொடாத! நேத்தே தெரியும்லே எனக்கு. மோந்தப்பமே தெரியும்!"

ஆட்டோ தள்ளிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். உள்ளிருந்து விக்டோரியாவும் திரும்பிப் பார்த்தாள். ஆட்டோ மணலை விட்டு ஏறிப் போனது. கரையில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.