நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தான சிஸ்டர்

மன்னாரில் பிறந்த சிஸ்டர் எமில்டா, மத்திய அமெரிக்காவில் ஒரு சிறிய நாட்டில் முதியோர் இல்லம் நடத்திக்கொண்டிருந்தார். அவரோடு இன்னும் நான்கு கன்னியர்கள். ஒரு நாள் காலையில் பொலிஸார் வந்து, இந்த மடம் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து, எல்லோரும் வெளியேற வேண்டும் என்றார்கள். மடத்திலேயே இளையவருக்கு அறுபது தாண்டியிருந்தது. அவருக்கும் மூட்டுவலி.

ஐவரையும் எல்லையில் கொண்டுபோய் விட ஒரு வேன் வந்தது. பாதி வழியில் டயர் பஞ்சர். கூட வந்த இரண்டு பொலிஸ்காரர்களும் சக்கரத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். இல்லத்தின் பழைய ஜீப்பை வருடக்கணக்காய் ஓட்டிய எமில்டா அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, டயரை மாற்றிக் கொடுத்தார். நாடுகடத்தல் தடையின்றித் தொடர்ந்தது.

கன்னியர் சபை அவர்களைப் பல நாடுகளுக்குப் பிரித்து அனுப்பியது. எமில்டாவும் சிஸ்டர் கொன்சுவேலோவும் சிட்னிக்கு வந்து, ஹோம்புஷில் ஒரு ஃபிளாட்டில் குடியேறினார்கள். வந்த வாரமே, விடியற்காலை ஜெபப்பாட்டைக் கேட்டுக் கீழ்வீட்டுக் கேதீஸ்வரன் ஏறி வந்துவிட்டார். ஃபிளாட் கமிட்டியின் தலைவர் அவர்.

"சிஸ்டர், பாட்டைக் கொஞ்சம் பிந்திப் பாடுங்கோ. சனம் கொம்ப்ளெய்ன் பண்ணுது."

"ஓம் தம்பி. இல்லாட்டி இங்கயிருந்தும் கலைச்சுப் போடுவியளோ?"

யார் துரத்தினார்கள் என்று அவர் கேட்க, எமில்டா அவரைக் கதிரையில் உட்காரவைத்து முழுக் கதையையும் சொன்னார். டயர் கட்டத்தில் கேதீஸ்வரன் எழுந்தேவிட்டார்.

"உங்களைக் கலைக்க வந்த வேனுக்கு நீங்களே டயர் மாத்தினனீங்களோ?"

"வேற என்ன செய்யிறது? அந்த வெயிலில கொன்சுவேலோ மயங்கி விழுந்திருப்பா. பொலிஸ்காரப் பெடியளும் பாவம், சாப்பிடேல்லை."

கேதீஸ்வரன் சற்றுப் பொறாமையோடு சொன்னார்: "நானும் அகதியாத்தான் வந்தனான் சிஸ்டர். ஆனா என்னைப் பார்த்து ஒரு அரசாங்கமும் இப்பிடிப் பயப்பிடேல்லை."

எமில்டா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே அழத் தொடங்கினார். அங்கே விட்டு வந்த கிழவிகளுக்கு இப்போது யார் தலைவாரி விடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் கேதீஸ்வரன் இருவரையும் தன் மாமி பத்மா இருக்கும் முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போனார். பத்மா, நெற்றி நிறையத் திருநீற்றோடு, எமில்டாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்களைக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாத்தவோ வந்தனீங்கள்?"

"இல்லை அக்கா. முதல்ல நகத்தை வெட்டுவம்."

இப்போது வாரம் மூன்று நாள் இருவரும் அங்கேதான். கொன்சுவேலோவுக்குத் தமிழில் ஒரு சொல்லும் வராது. ஆனால் சீட்டாட்டத்தில் கள்ளாட்டம் ஆடுகிறார் என்று பத்மா எமில்டாவிடம் முறையிட்டிருக்கிறார்.