பிரேக் கட்டை படும் இடம்

பாயின் சைக்கிள் கடையில் ஆணியில் தொங்கிய எண்ணெய்த் துணிதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. ஒரு காலத்தில் அது யாருடைய சட்டையாகவோ இருந்திருக்க வேண்டும். பித்தான் துளை ஒன்று கடைசிவரை அதில் இருந்தது. எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டி ஓவராயில் முடிந்த வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்த கிண்ணத்தில் துணியின் நுனியை மட்டும் தோய்த்துக்கொள்வார். இடக்கையால் சக்கரத்தை மெல்லச் சுழற்றிவிட்டு, வலக்கை விரல்களால் துணியை ரிம்மின் இரண்டு பக்கவாட்டிலும் கொடுத்துப் பிடிப்பார். நாலு சுற்றில் ரிம் புதுப் பாத்திரம் மாதிரி மின்னும். மழைக்காலத்திலும் துரு அண்டாது. ஆனால் ரிம்மின் உட்பக்கத்தில், ஆரக்கம்பிகள் வந்து சேரும் பக்கத்தில், மட்டும் ஒரு சொட்டு படாது. அப்போது எங்கள் பக்கத்தில் ஓடிய வண்டிகள் எல்லாமே கம்பி பிரேக். கைப்பிடியை அழுத்தினால் கம்பி இழுத்து, பிரேக் கட்டை உட்பக்கத்தில் போய் ஒட்டும். அங்கே எண்ணெய் பட்டால் வண்டி நிற்காது. முப்பது வருடத்தில் ஒருநாள்கூடத் தன் கை அந்த இடத்தில் தவறியதில்லை என்பார் பாய், யாரும் கேட்காமலே.

எண்பதுகளின் தொடக்கம் அது. வாலிகண்டபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நான் சுகாதார நர்ஸாக வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மாவும் நானும் கடைத்தெருவில் வாடகை வீட்டில் இருந்தோம். ஐந்தாறு ஊர் என் பொறுப்பு. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கரிசல் காட்டு வழியே நடப்பேன். நான் போய்ச் சேர்வதற்குள் பெட்டியில் ஐஸ் கரைந்து, தாய்மார்கள் களையெடுக்கப் போயிருப்பார்கள். எங்கள் டாக்டர் அலைந்து திரிந்து யாரோ ஒரு புண்ணியவானிடம் கேட்டு, திருச்சியிலிருந்து ஒரே ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கி வந்தார். எங்கள் வட்டாரத்தில் நர்ஸுகள் ஆறு பேர். அதில் சைக்கிள் விடத் தெரிந்தவள் நான் மட்டும்தான். "நீ ஓட்டிக் காட்டும்மா. சரிப்பட்டு வந்துச்சுன்னா மத்த அஞ்சு பேருக்கும் கேட்டு வாங்கிடலாம். ஏதாச்சும் ஆச்சுன்னா இதுவும் போயிடும்" என்றார். ஆக, அந்த வண்டியில் நான் ஒருத்தி ஏறினாலும் ஆறு பேர் போய்க்கொண்டிருந்தோம்.

புடவையைச் சொருகிக்கொண்டு ஒரு பெண் பெடல் மிதிப்பதை ஊர் வேடிக்கை பார்த்தது. டீக்கடையில் மணி அடித்துக் கிண்டல் செய்தார்கள். பத்து நாளில் அதுவும் சலித்துப் போய், "நர்ஸம்மா, பெரம்பலூரு பஸ்ஸு போயிடுச்சா?" என்று என்னிடமே கேட்க ஆரம்பித்தார்கள். அந்த வண்டியைக் கடைசிவரை ஏற்றுக்கொள்ளாதவர் பாய் ஒருவர்தான். அவருடைய சண்டை என்னோடு இல்லை, வண்டியோடு. அது ஒயர் பிரேக் வண்டி. கைப்பிடியிலிருந்து சன்னமாக ஒரு ஒயர் ஓடும். அதன் முனையில் இடுக்கி மாதிரி இரண்டு கை. அழுத்தினால் இரண்டு பக்கமும் ரிம்மைக் கவ்விப் பிடிக்கும்.

"கயித்தக் கட்டி வண்டிய நிறுத்துறானுவளாம். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்டாப்புல. அந்துச்சுன்னா என்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"அறாது பாய். இரும்பு ஒயர்" என்றேன்.

"இரும்புதான் துருப்பிடிக்கும்மா" என்று சொல்லிவிட்டு பஞ்சர் பார்க்கத் திரும்பிவிட்டார். பாய் அப்படித்தான். டைனமோ விளக்கு வந்தபோது கால் வலிக்கும் என்றார். பிளாஸ்டிக் பெடல் வந்தபோது பல் துலக்கக்கூட லாயக்கில்லை என்றார். ஆனால் கோட்டமான ரிம்மை நேராக்க அவர் உட்கார்ந்தால் நான் வேலையை மறந்து நின்று பார்ப்பேன். சாக்பீஸ் துண்டை ரிம்மருகே பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுவார். எங்கே வெள்ளை விழுகிறதோ அந்த இடத்து ஆரக்கம்பியைக் கால்வாசித் திருகு முறுக்குவார். மறுபடி சுற்று, மறுபடி கால் திருகு. வாய் ஓயாமல் பேசினாலும் கை பொறுமையாகத்தான் இருக்கும்.

ஆறு மாதம் ஓடியபின் வண்டியை முதல் ஓவராயிலுக்கு அவரிடம் விட்டேன். மூன்று நாள் வைத்திருந்தார். கொடுக்கும்போது கல்யாணப் பெண் மாதிரி இருந்தது வண்டி. எந்த வண்டியைப் பழுது பார்த்தாலும் தெருவில் ஒரு நடை ஓட்டிப் பார்த்துத்தான் கொடுப்பார். என் வண்டியில் மட்டும் அவர் ஏறவில்லை. பெண்பிள்ளை உட்காரும் சீட்டில் தான் உட்காருவது மரியாதை இல்லை என்பது அவர் கணக்கு. நானும் ஏறிப் பார்க்கவில்லை. எங்கள் வீடு நாலு கடை தள்ளித்தான் இருந்தது, பேசிக்கொண்டே தள்ளிவந்துவிட்டேன்.

மறுநாள் காலை, கேரியரில் தடுப்பூசிப் பெட்டியோடு கிளம்பினேன். ஊர் எல்லையில் சாலை ஓடையை நோக்கிச் சரியும். பாதிச் சரிவில் எதிரே பருத்தி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி. வழக்கம் போல பிரேக்கை அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். காற்றில் சைக்கிள் பறக்கிறது, என் கைகள் வெறுமனே எதையோ கசக்கிக்கொண்டிருக்கின்றன. மாட்டின் கண்ணை அவ்வளவு கிட்டத்தில் அதற்குமுன் நான் பார்த்ததில்லை. ஹேண்டில்பாரை ஒடித்துக் கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தேன். இடது மணிக்கட்டு முறிந்தது. மருந்துக் குப்பிகள் அத்தனையும் நொறுங்கின. முன்சக்கரம் கல்லில் மோதி அப்பளமாகிவிட்டது. முள்ளை எடுக்கவே அம்மாவுக்கு மூன்று நாள் ஆனது.

உடம்பு வலி எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஊர் பேசியதைத்தான் தாங்க முடியவில்லை. மாட்டு வண்டிக்காரர் கண்ணால் பார்த்த சாட்சி. "பயத்துல பிரேக்கே புடிக்கல அந்தப் பொண்ணு. அப்படியே வந்துச்சு" என்றார். டீக்கடை அதைத் தீர்ப்பாக எழுதிவிட்டது. பெண்பிள்ளைக்கு ஆபத்து என்றால் கைகால் விறைத்துப் போகும். இதுக்குத்தான் சைக்கிள் வேண்டாம் என்பது. பாய் மட்டும் வேறு கட்சி. "அந்தப் பொண்ணச் சொல்லாதீங்க. நான் அப்பவே சொன்னேன், ஒயரு பிரேக்க நம்பப்படாதுன்னு" என்று போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் ஒன்றும் கோபப்படவில்லை. "வண்டிய சரிபண்ணி, குடுத்தவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடலாம்மா. மத்தவங்களுக்கு இப்ப கேக்க முடியாது" என்றார். மற்ற ஐந்து பேரில் ஒருத்தி பார்க்க வந்தாள். ஆரஞ்சுப் பழம் கொடுத்தாள். சைக்கிளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

மாவுக்கட்டோடு படுத்திருந்த அந்த நாட்களில் ஒரே கேள்விதான் என்னைக் குடைந்தது. நான் பிரேக் பிடித்தேனா? பிடித்தேன் என்றுதான் முதல் நாள் சொன்னேன். மூன்றாம் நாள், பிடித்த மாதிரிதான் இருந்தது என்றேன். ஒரு வாரத்தில், எனக்கே தெரியவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். பத்துப் பேர் ஒன்றையே சொன்னால் நம் கை செய்ததை நாமே மறந்துவிடுவோம் போலிருக்கிறது. பிரசவ நேரத்தில் ரத்தம் போகும்போது நடுங்காத கை என் கை. அந்தக் கையை எனக்கே சந்தேகமாகிப் போனது. அழுகையைவிட அவமானம் அதிகமாக இருந்தது.

பத்தாவது நாள் சாயங்காலம் பாய் வந்தார், கூடவே அவர் சம்சாரமும். என் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றிக் கையில் கொண்டுவந்திருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. வழக்கமாக ஆள் கடைக்குள் நுழையும்முன்பே பேச ஆரம்பிக்கிறவர், அன்று சக்கரத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்சாரம்தான், "சொல்லிடுங்க" என்றார்.

"கோட்டம் எடுக்கறதுக்கு சக்கரத்தச் சுத்தினேம்மா. சாக்பீசு வெச்சா எழுதவே இல்ல, வழுக்கிட்டுப் போவுது. கை வெச்சுப் பாத்தேன். எண்ணெய். நான் தடவுனதுதான்" என்றார். அதற்குமேல் விளக்கத் தேவையிருக்கவில்லை. கம்பி பிரேக்கில் கட்டை படுவது உட்பக்கம். ஒயர் பிரேக்கில் அது படுவது பக்கவாட்டில். அவர் முப்பது வருடம் பத்திரமாக எண்ணெய் படாமல் காப்பாற்றிய இடம் புது வண்டியில் இடம் மாறிவிட்டது. அவர் கை மாறவில்லை. துடைத்துத் துடைத்து அழகு பார்த்த இடத்தில்தான் என் உயிர் இருந்திருக்கிறது.

எனக்கு வந்திருக்க வேண்டியது கோபம். வரவில்லை. அதற்குள் அவர் சக்கரத்தைத் தரையில் ஊன்றி, ரிம்மின் பக்கவாட்டை விரலால் காட்டினார். கருப்பாக ஒரு தடம், ரிம்மைச் சுற்றி முழுவட்டமாக.

"இது என்னா தெரியுதா? பிரேக் கட்ட ரப்பரு எண்ணெயில அரைஞ்ச கரி. சும்மா தொட்டா இப்படி வராது. கட்ட நாலும் கண்ணாடியாட்டம் தேஞ்சு கெடக்கு. நீங்க புடிச்சிருக்கீங்கம்மா. ரெண்டு பிரேக்கும், மேலேருந்து கீழ வரைக்கும், விடாமப் புடிச்சிருக்கீங்க. ஆம்பள கூட அப்படிப் புடிக்க மாட்டான்."

அப்போதுதான் அழுதேன். பாயின் சம்சாரம் என் முறியாத கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெளியில சொல்ல வேணாம் பாய். உங்க கடை கெட்டுடும்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். யாருக்கும் தெரியப் போவதில்லை. எல்லோரும் என்னையோ ஒயரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். அவரை ஒருவரும் நினைக்கக்கூட இல்லை.

"அல்லாவுக்குத் தெரியுமேம்மா" என்றார். பிறகு, "உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு" என்றார்.

மறுநாள் காலை அந்தச் சக்கரத்தோடு டீக்கடைக்குப் போய், மாட்டு வண்டிக்காரர் உட்பட எல்லோரும் இருக்கும்போது கரித்தடத்தைக் காட்டிச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து பஸ் ஏறி, மடியில் சக்கரத்தை வைத்துக்கொண்டு டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். ஊர் என்னை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. "என்னா பாய், எண்ணெய் போட்டாச்சா?" என்று ரொம்ப நாள் கேட்டார்கள். சிலர் வண்டியைப் பெரம்பலூருக்கே கொண்டுபோனார்கள். பாயும் போனார், ஆனால் வேறு காரியத்துக்கு. அங்கே ஒயர் பிரேக் பார்க்கிற, தன் மகன் வயதுக்காரனின் கடையில் இரண்டு நாள் குந்தியிருந்து பார்த்துவிட்டு வந்தார். ஒயர் நல்லது என்று மட்டும் கடைசிவரை அவர் வாயிலிருந்து வரவில்லை.

இப்போது நான் இருப்பது அரியலூரில். அக்கா பேரனுக்குப் போன மாதம் கியர் வண்டி வாங்கினார்கள். பிரேக் சக்கரத்தின் நடுவில் ஒரு தட்டில் இருக்கிறது. கடைப் பையன், "இந்தத் தட்டுல மட்டும் எண்ணெய் படாமப் பாத்துக்குங்க" என்றான். இடம் மறுபடி மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பழசு உசத்தியா, புதுசு உசத்தியா என்று வீட்டில் பேச்சு வந்தால் நான் வாயே திறப்பதில்லை. இரண்டையும் நம்பி ஒருமுறை சரிவில் இறங்கியவள் நான்.

கட்டுப் பிரித்து நான் மீண்டும் வண்டியெடுத்த நாளைத்தான் சொல்ல வேண்டும். டாக்டர் வண்டியைக் கொடுத்தவரிடம் திருப்பி அனுப்பவில்லை. மற்ற ஐந்து பேருக்கும் சைக்கிள் கேட்டு எழுதிப் போட்டுவிட்டதாகச் சொல்லியனுப்பியிருந்தார். ரிம்மின் எண்ணெயை வழித்து, கட்டைகளையும் மாற்றிக் கொடுத்திருந்தார் பாய். பெட்டியைக் கட்டிக்கொண்டு சரிவின் தலைக்கு வந்தவள் அங்கேயே கால் ஊன்றி நின்றுவிட்டேன். இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் இருந்தேன். கீழே பார்த்தால், சரிவு முடிகிற இடத்தில், நட்டநடுச் சாலையில் பாய் நின்றுகொண்டிருந்தார். கைலியை மடித்துக் கட்டியிருந்தார். இரண்டு கையையும் விரித்து, "வாங்கம்மா" என்றார்.

"நகருங்க பாய்!" என்று கத்தினேன்.

"நீங்க வாங்க!"

ஏறினேன். வண்டி வேகம் பிடித்தது. பாதியில் இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். ரப்பர் ரிம்மைக் கவ்வுவது உள்ளங்கை வரைக்கும் தெரிந்தது. பாய் நகரவில்லை. கண்ணையும் மூடவில்லை. அவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

நான் பிரேக்கை விடவில்லை. விரல்கள் வெளுத்துப் போகும் அளவுக்குப் பிடித்தபடியே நின்றிருந்தேன். பாய் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.

"புடிச்சது போதும்மா, விடுங்க. ஐஸ் கரையுது."