அவர் விற்காத சைக்கிள்

இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு சைக்கிள் ஓட்டலாம் என்றார் மருத்துவர். ஒருமுறை விழுந்தாலும் மறுபடி படுக்கைதான் என்றும் எச்சரித்தார். ஆன்லைனில் வாங்கலாமா, கடையிலா என்று பதினோரு நாள் யோசித்தேன். ஆன்லைனுக்குச் சாதகமாக ஒன்பது காரணங்கள் கிடைத்தன. பாதகம் ஒன்றே ஒன்று: ஏறிப் பார்க்க முடியாது.

அதற்காக நான் செய்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. காட்டுப்பாக்கத்தில் ஒரு சைக்கிள் கடைக்குப் போய், வாங்க வந்தவன்போல ஆறு வண்டிகளில் ஏறிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கடைக்காரப் பெண்மணி என் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். ஏழாவதைக் கேட்டபோது சிரித்துவிட்டார்.

"இன்னா சார், ஆன்லைன்ல வாங்கறதுக்கு இங்க அளவு பாத்துகினு கீறீங்க, அதானே?"

தலை குனிந்தேன்.

"அட, அதுக்கு ஏன் சார் மூஞ்சி தொங்குது? எங்கிட்ட கீறது எல்லாமே உங்களுக்கு ஒசரம். ஒண்ண தலையில கட்டினேன்னு வெச்சிக்கோங்க, ஒரே வாரத்துல உளுந்துடுவீங்க. நடுக்கம்பி தாழ்வா கீறதா பாத்து ஆன்லைன்லயே வாங்குங்க."

என் கால் நீளத்தை டேப்பால் அளந்து, மூன்று எண்களைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

வண்டி வந்ததும் உருட்டிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். நன்றி சொல்வதற்குள் ஸ்பேனரோடு மண்டியிட்டுவிட்டார்.

"சீட்டு அரை இஞ்ச் எறங்கணும். ஏறுங்க சார், புட்ச்சிக்கிறேன்."

ஏறினேன். என் பாதங்கள் தரையில் முழுதாகப் பதிகின்றனவா என்று குனிந்து பார்த்தார். பதிந்திருந்தன. எழுபத்திரண்டு வயதில், எனக்கு எதையும் விற்காத அவர் கையை நம்பி முதல் மிதி மிதித்தேன்.