நாற்பது படுக்கைக்கு ஓர் அர்ரே

அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் "பழசக்கா" என்றுதான் கூப்பிட்டார்கள். வயதுக்காக அல்ல. ஒரு மருத்துவமனைக்காக எப்போதோ எழுதப்பட்ட பழைய புரோகிராமை அவள் ஒருத்திதான் கட்டிக்கொண்டு அழுதாள். எழுதியவர்கள் வேலை மாறிப் போய்விட்டார்கள். திறக்க வராத கண்ணாடி ஜன்னலுக்கும் ஜெராக்ஸ் மெஷினுக்கும் நடுவில் அவளுடைய நாற்காலி. வேறு டீமுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டால் மேனேஜர் சிரிப்பார். "நீ போயிட்டா இத யாரும்மா பாத்துப்பாங்க?"

தங்கைக்குத் தலைப்பிரசவம். தாய் இல்லாத பெண்கள் இருவரும். "நீ பக்கத்துல இருந்தா போதும்க்கா" என்று சொல்லியிருந்தாள் தங்கை. லீவு கிடைத்தது. ஆனால் மருத்துவமனை இருபது படுக்கையோடு புது வார்டு திறக்கிறது, அதற்காகப் புரோகிராமை மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

நோயாளிகளின் பெயர்கள் ஓர் அர்ரேயில், அதாவது வரிசையாக இடம் ஒதுக்கிய பட்டியலில், இருந்தன. நாற்பது படுக்கை, நாற்பது இடம். அர்ரேயை உருவாக்கும்போது சொன்ன அளவுதான் கடைசிவரை, இழுத்தால் நீளாது. அதனால் அறுபது இடத்தோடு புதிதாக ஒன்றை உருவாக்கி, பழையதில் இருந்த பெயர்களை அதில் நகலெடுத்து, இனி இதைப் பார் என்று புரோகிராமுக்குச் சொன்னாள். சோதித்ததில் ஓடியது. பஸ் ஏறிவிட்டாள்.

பாதி வழியில் தலைமை நர்ஸின் போன். "மேடம், புது வார்டு பேஷண்ட் யாருமே மருந்து ஸ்கிரீன்ல வரல. அட்மிஷன்ல இருக்காங்க, இங்க இல்ல. கையால எழுதி சமாளிக்கிறோம். பயமா இருக்கு மேடம்."

கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. மருந்துப் பகுதி தனி ஆப்ஜெக்ட், புரோகிராமுக்குள்ளேயே தனியாக இயங்கும் ஒரு துண்டு. முதலில் தன் கையில் கொடுத்த பழைய அர்ரேயையே அது இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. புதிதாக ஒன்று வந்ததே அதற்குத் தெரியாது.

அலுவலகக் கம்ப்யூட்டரை விட்டால் வேறு எங்கிருந்தும் அந்தப் புரோகிராமைத் தொட முடியாது. ஆப்பசைத்த குரங்கின் நிலை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

அலுவலகத்தில் அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது தங்கையின் கணவன் அழைத்தான். "அண்ணி, லேபர் ரூமுக்குள்ள கொண்டு போயிட்டாங்க. எங்க வந்துட்டிருக்கீங்க?"

"வந்துட்டேன் தம்பி" என்றாள். எங்கே என்று சொல்லவில்லை.

மருந்துப் பகுதி தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு முறையும் பட்டியலைக் கேட்டு வாங்கும்படி மாற்றினாள். "எல்லாரும் வந்துட்டாங்க மேடம்" என்றாள் நர்ஸ்.

மறுநாள் போய்ச் சேர்ந்தபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "உன் பொறுமையில கால்வாசிகூட இவளுக்கு இல்லக்கா. பெரியம்மாவாவது ஒண்ணாவதுன்னு வந்துட்டா" என்று தங்கை சிரித்தாள். அவளும் சிரித்தாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

லீவு முடிந்து அலுவலகம் திரும்பியதும் எல்லா அர்ரேகளையும் எடுத்துவிட்டு, நிறைந்தால் தானே பெரிதாகிக்கொள்ளும் லிஸ்டை வைக்கத் தொடங்கினாள். "ஓடுற வண்டியில ஏம்மா கை வைக்கிற?" என்றார் மேனேஜர். அவள் விடவில்லை. யார் வந்தாலும் பார்த்துக்கொள்ளும்படி ஆக்கிவிட்டால் தனக்கு விடுதலை என்று நம்பினாள்.

முடிந்ததும் மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "பிரமாதம்மா! இதே மாதிரி இன்னொரு ஆஸ்பத்திரி புரோகிராம் கெடக்கு. இத விடப் பழசு. உன்ன விட்டா ஆள் ஏது?"

"ரெண்டு பேரா போடுங்க சார். தனியா நான் தொட மாட்டேன்."

"பாக்கலாம், பாக்கலாம்."

அடுத்த வாரம் அது அவள் பெயருக்கு மட்டும் வந்து சேர்ந்தது. அன்றைக்கே வேறொரு கம்பெனிக்கு விண்ணப்பித்தாள். இதுவரை பதில் இல்லை.