காப்பு நூலும் சலவை அறையும்

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் வேலை செய்தவள் என் அக்கா. கொரோனா ஊரடங்கு எடுத்து ஹோட்டலைத் திறந்தபோது வாசலில் நிற்பவர்களுக்கும் சாப்பாடு பரிமாறுபவர்களுக்கும் முகக்கவசம், கையுறை என்று எல்லாம் வாரிக் கொடுத்தார்கள். சலவை அறைக்கு ஆளுக்கொரு துணிக்கவசம். அதையே துவைத்துத் துவைத்துப் போடச் சொன்னார்களாம். பின்பக்கம் இருப்பவர்களை விருந்தாளிகள் பார்ப்பதில்லைதானே! இயந்திர இரைச்சல் நீச்சல் குளம்வரை கேட்கிறதென்று அந்த அறையின் சன்னல்களையும் எப்போதோ ஆணியடித்து மூடியிருந்தார்கள்.

கொழும்பிலிருந்து வந்து தங்கிய ஒரு குடும்பம் இருமிக்கொண்டே இருந்தது. அவர்களுடைய படுக்கை விரிப்புகளை உதறிப் போட்டது அக்காவும் ஓட்டமாவடியிலிருந்து வரும் முஸ்லிம் பெண்ணொருத்தியும். கொஞ்ச நாளில் இருவருக்கும் காய்ச்சல். அந்தப் பிள்ளை தேறிவிட்டாள். அக்கா ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் குழாயோடு கிடந்து, நெஞ்சு பழுதாகி வீடு திரும்பினாள். கிணற்றடிக்குப் போய்வரவே மூச்சு வாங்கியது. கணவன் இல்லாதவள், அவள் உழைப்பில்தான் பிள்ளைகள் படித்தார்கள். அவளுடைய வைத்தியத்தை ஹோட்டல் பொறுப்பெடுக்க வேண்டும் என்று கேட்க நான் போனேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஊருக்கே தெரியும்.

ஹோட்டல் முகாமையாளர் மரியாதையாகத்தான் பேசினார். தேத்தண்ணீர்கூட வந்தது.

"எங்களுக்கும் கவலதான் தங்கச்சி. ஆனா இந்தக் காய்ச்சல் வருத்தம் இஞ்சதான் தொத்தினதெண்டு எப்பிடிச் சொல்லுவீங்க? அக்கா கோயில் சடங்குக்குப் போனவதானே. கையில காப்புக் கட்டியிருந்தா, நானே கண்ட."

வைகாசியில் எங்கள் கண்ணகி அம்மன் சடங்கு; அப்போது கோயிலில் கையில் மஞ்சள் நூலைக் காப்பாகக் கட்டிக்கொள்வோம். அந்த முறை கோயிலுக்குள் பூசை செய்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. அதனால் பூசாரியின் மனைவி அம்மன் காலடியில் வைத்த மஞ்சள் நூல்களைக் கொண்டுவந்து, வேலிக்கு மேலால் வீடு வீடாக நீட்டிவிட்டுப் போனார். அக்காவின் கையில் நூலைக் கட்டியது நான். கட்டினால் அது தானாக அறுந்து விழும்வரை கழற்றக்கூடாது. அதோடுதான் அவள் வேலைக்குப் போனாள். கோயில் வாசலை அவள் அந்த முறை கண்ணாலும் காணவில்லை.

"சேர், காப்பு வீட்டுக்கு வந்த. அவ கோயிலுக்குப் போகல்ல" என்றேன்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க" என்று சிரித்தார்.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. "அப்ப ஓட்டமாவடிப் புள்ளைக்கும் காய்ச்சல் வந்ததுதானே. அவளும் கண்ணகி அம்மனுக்குக் காப்புக் கட்டப் போனவளா?"

சிரிப்பு நின்றுவிட்டது. "அது வேற விசயம்" என்று எழுந்தார்.

தொழிலாளர் முறைப்பாடு விசாரிக்கும் தொழில் அலுவலகத்துக்கு ஏறி இறங்கினேன். அங்கிருந்த ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஹோட்டல்காரரையும் கூப்பிட்டு விசாரிப்பதாகச் சொன்னார். ஆனால் நான் கத்தி வேலையில்லையாம், அக்காவே வந்து வாயால் சொல்ல வேண்டுமாம். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோசம்! வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

விசாரணைக்கு முதல்நாள் சலவை அறைப் பெண்கள் எல்லோரும் எங்கள் முற்றத்தில் வந்து குந்தினார்கள். ஓட்டமாவடிப் பிள்ளையும் வந்திருந்தாள்.

"ஹோட்டலாலதான் வந்ததெண்டு முடிவானா பூட்டிருவாங்களாம் அக்கா" என்றாள் ஒருத்தி. "மறுகா எங்கள ஆர் வேலைக்கு எடுக்கிற?"

ஓட்டமாவடிப் பிள்ளை அக்காவின் காலடியில் இருந்து அழுதாள். "ஒங்களுக்கு எங்கயிருந்து வந்ததெண்டு எனக்குத் தெரியாதா அக்கா? வாப்பாட கடையும் பூட்டிக் கிடக்கு. இந்த வேலைய விட்டா எங்களுக்கு ஒண்டும் இல்ல."

யாரைத் திட்டுவது? முகாமையாளரைத் திட்டலாம், அவர் அங்கே இல்லை. இவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அக்கா அந்தப் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அந்த ஐயா கேட்டார்: "கோயில் சடங்குக்குப் போனீங்களா?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "ஓம் ஐயா. போன நான்."

"பொய் ஐயா, இவ பொய் சொல்லுறா!" என்று நான் எழும்பிவிட்டேன்.

"நீங்க இரிங்க" என்றார் அந்த ஐயா. முகாமையாளர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், முறைப்பாடு அதோடு முடிந்தது. கோபத்தோடு வெளியே வந்தேன். அவளை ஆட்டோவில் ஏற்றிவிடக் கையைப் பிடித்தபோது அவளுக்கு மூச்சு இழுத்தது, கோபத்தைக்கூட வைத்திருக்க முடியவில்லை.

ஹோட்டல் பூட்டப்படவில்லை. ஆனால் சடங்கில்தான் நோய் பரவியது என்று ஊரெல்லாம் கதை. சுகாதாரப் பரிசோதகர் வந்து பூசாரியை விசாரித்தார். பூசாரி வீட்டுப் பக்கம் போவதைச் சனம் நிறுத்திவிட்டது. பூசாரியின் மனைவி எங்களோடு ஒரு சண்டைக்கும் வரவில்லை. வந்து நாலு வார்த்தை ஏசியிருந்தால் நாங்கள் தாங்கியிருப்போம்.

அக்கா இப்போதும் சுவரில் சாய்ந்தபடிதான் தூங்குகிறாள். படுத்தால் இருமல்.

"அம்மன்ட பேரில பொய் சொன்ன வாய் புள்ள. அதுக்குத்தான் இந்த வருத்தம்" என்கிறாள்.

"அடி விசரி, வருத்தம் முதல் வந்த. பொய் மறுகாதானே சொன்ன நீ!" என்று கத்துகிறேன். ஓம் ஓம் என்று தலையாட்டுகிறாள். அடுத்த இருமல் வந்ததும் மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்.