கால் நீட்டிய சைக்கிள்

இலங்கை மலைநாட்டில் ஹட்டன் கடைத்தெருவில், ஸ்டேஷனுக்கு இறங்கும் பாதையோரம் சைக்கிள் கடை வைத்திருந்த பழனியாண்டிக்கு ஒரே ஓர் ஆசைதான். தான் செய்த படுக்கை சைக்கிளை ஊரில் நாலு பேர் வாங்கி ஓட்ட வேண்டும். பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. ஆனால் மனுசனை அது படுத்திய பாடு கொஞ்சமில்லை.

ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் கழித்துப்போட்ட இங்கிலீஷ் படப் பத்திரிகையில் அப்படி ஒன்றைப் பார்த்திருந்தார். ஓட்டுகிறவர் சாய்வு நாற்காலியில் சாய்கிற மாதிரி சாய்ந்துகொண்டு, கால்களை முன்னால் நீட்டி மிதிக்கிறார். அன்றைக்குப் பிடித்தது பித்து. உடைந்த சைக்கிள்களை அறுத்துப் பித்தளை வைத்துப் பற்றவைத்தார். இரண்டு சங்கிலிகளைச் சேர்த்து நீளமாக்கினார். பழைய பிரம்பு நாற்காலி ஒன்று இருக்கையானது. வீட்டில் அடுப்பு எரிந்தது என்னவோ பஞ்சர் வேலையாலும் வாடகைச் சைக்கிளாலும்தான். அதில் மிஞ்சியதையெல்லாம் படுக்கை சைக்கிள் தின்றுகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துச் சனம் சாமான் வாங்க டவுனுக்கு வரும். பழனியாண்டி கால்சட்டையை மாட்டிக்கொண்டு, கடைத்தெருவில் சமமான இடம் எவ்வளவு உண்டோ அவ்வளவு தூரமும் அதில் சாய்ந்தபடி போவார், வருவார். வேறு எப்படித்தான் ஆள் பிடிப்பது? கூட்டம் கூடும். “என்னா பாஸ், வீட்டுல பாய் இல்லையா?” என்பார் துணிக்கடை தம்பையா முதலாளி. கைத்தொழில்காரர்களை அங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லாரும் சிரித்தார்கள். வாங்கத்தான் ஒருவரும் வரவில்லை.

கடைசியில் வந்தவர் அழகுமுத்து. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை; மலை சுற்றி வேலையாட்களை மேற்பார்க்கிற உத்தியோகம். மழைக்காலத்தில் மலையில் வேலை பார்க்கும்போது தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து இடுப்பு எலும்பு போய்விட்டது. சாதாரண சைக்கிளில் காலைத் தூக்கிப் போட முடியாது. நடந்து மலை சுற்றவும் முடியாது. சுற்றாத கணக்கப்பிள்ளையை எந்தத் தோட்டம் வைத்துக்கொள்ளும்? பிரம்பு இருக்கையில் சாய்ந்து பார்த்தவர், “வலியே இல்லீங்க பாஸ்” என்று குழந்தை மாதிரிச் சிரித்தார். ஏற்றத்தில் எப்படியாவது தள்ளிக்கொள்கிறேன், ஆற்றோரப் பாதையில் ஓட்டினால் போதும் என்று வாங்கிப் போனார்.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார்.

“எல்லாம் சொகமாத்தான் இருக்குங்க. எந்திரிக்கத்தான் நேரமாகுது. சீட்டைக் கொஞ்சம் ஒசத்திக் குடுத்தீங்கன்னா நல்லது. துரை வந்தா எறங்கணும்ல?”

துரையின் கார் வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி, குடையை மடக்கி, ஓரமாக நிற்க வேண்டும். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷமாகியும் தோட்டத்து ரோட்டில் அதுதான் சட்டம். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த பழனியாண்டிக்கு இது தெரியாததல்ல. அவரும் சின்ன வயதில் எத்தனையோ தடவை கானுக்குள் இறங்கி நின்றவர்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. இருக்கையை உயர்த்தினால் சைக்கிளின் அழகே போய்விடும். படுத்துக்கொண்டு போவதைப் பார்க்கத்தானே சனம் நிற்கிறது?

“பழகப் பழகச் சரியாயிடும் கணக்கப்பிள்ளை ஐயா. ஒண்ணு செய்ங்க. சம்பள நாளன்னைக்கு ஆப்பீஸ் பக்கமா ஒரு சுத்து வாங்க. அத்தனை பேரும் பாப்பாங்க. பாத்தா வாங்க வருவாங்க.”

அவர் போனதும், உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த பெண்சாதி சண்முகவடிவு வெளியே வந்தாள். “கேட்டதைச் செஞ்சு குடுத்தா என்னங்க? ஓட்டப்போறது அவருதானே?”

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது, போ” என்றார் புருசன். யாருக்குத் தெரியவில்லை என்பது சம்பள நாளன்று தெரிந்தது.

அழகுமுத்து சொன்ன சொல் தட்டாமல் ஆப்பீஸ் ரோட்டில் போயிருக்கிறார். வளைவில் துரையின் கார் திரும்பியது. சனமெல்லாம் ஒதுங்கி நின்றது. இவர் பிரேக்கைப் பிடித்து, கையை ஊன்றி எழப் பார்த்தார். இடுப்பு விடவில்லை. காருக்கு நேர் எதிரே, இரண்டு காலையும் துரை முகத்துக்கு நீட்டியபடி, அத்தனை பேர் முன்னாலும் சாய்ந்து கிடந்தார். சாயந்தரமே பத்துச்சீட்டு வந்துவிட்டது. வேலையும் போய், இருந்த வீடும் போயிற்று.

மச்சானுடைய லொறியில் சைக்கிளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, “இது இங்கேயே இருக்கட்டுங்க. எனக்கு இனிமே சுத்துறதுக்கு மலை ஏது?” என்றார் அழகுமுத்து. திட்டவில்லை. பழனியாண்டிக்கு வாய்வரை வந்த மன்னிப்பு வெளியே வரவில்லை. கடைசியில் “டீ குடிக்கிறீங்களா?” என்றுதான் கேட்டார். அதை நினைத்தால் பிறகெல்லாம் அவருக்கே அவர்மேல் வெறுப்பு வரும்.

மறுநாள் இருக்கையை உயர்த்தினார். ஒரு காலைப்பொழுது வேலை. அவ்வளவுதான்.

அந்தச் சைக்கிளைக் கடைவாசலில் நிறுத்தியிருந்தார். நுவரெலியாவிலிருந்து வந்த முட்டிவலிக்கார மரக்கறி வியாபாரி ஒருவர் உட்கார்ந்து பார்த்து, “சட்டுன்னு எறங்க வருதே!” என்று அதே மாதிரி ஒன்று செய்யச் சொன்னார். அவர் சொல்லி இன்னொருவர் வந்தார். பாய் இல்லையா என்று கேலி செய்த தம்பையா முதலாளியே தன் தகப்பனுக்கென்று ஒன்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வேஷம் எதுவும் தேவைப்படவில்லை. உயரம் வாகாக இருக்கிறது என்று ஒவ்வொருவரும் புகழும்போது, பழனியாண்டி குனிந்து எதையாவது முறுக்கிக்கொண்டிருப்பார். வாசலில் நின்றதை மட்டும் யாருக்கும் விற்கவில்லை.

அடுத்த வருஷம் ஒரு காலையில் அழகுமுத்து பெண்சாதியோடு தகரப்பெட்டி சகிதம் வந்து நின்றார். தம்பி வீட்டில் ஒண்டியிருந்தது போதும் என்று இந்தியாவுக்கே கிளம்பிவிட்டார்கள். ரயிலுக்குக் கொஞ்சம் நேரமிருந்தது. பழைய சைக்கிளைப் பார்த்ததும் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அதில் உட்கார்ந்தார். எழுந்தார். நம்பாதவர்போல் மறுபடியும் உட்கார்ந்து எழுந்தார்.

“அட, இப்ப எந்திரிக்க முடியுதே பாஸ்!” என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

குத்தலாகச் சொல்லியிருந்தால் பழனியாண்டி தாங்கியிருப்பார்.